ஒரு ஸ்தோத்திரமும் இரண்டு எர்த் ராடும்

போன மாதம் மின்வாரியத்தில் எங்கள் பழைய செக்‌ஷன் ஆபீசில் பாதுகாப்பு வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இனிமேல் லைனை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் கேட்பதும் திருப்பிக் கொடுப்பதும் செல்போனில் எண்ணை அடித்துத்தானாம். வாயால் பேசுகிற வேலையே கிடையாதாம். அதை விளக்கிவிட்டு, பழைய ஆள் என்ற மரியாதைக்கு என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒரு வயர்மேன் எழுந்தார்.

"அண்ணே, முப்பத்தொரு வருசம் போஸ்ட் ஏறியிருக்கீக. ஒடம்புல ஒரு தழும்பு இல்ல. எப்படிண்ணே?"

"ஆண்டவர் காத்தாருப்பா" என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். டீயும் வடையும் கொடுத்து அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அந்த வடை நெஞ்சிலேயே நின்றது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவன் நான். அதனால்தான் மீதிப் பாதியை எழுதி வைக்கிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பயிற்சி முடிந்து ஹெல்பராகச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒருவரைப் போஸ்டிலிருந்து கயிறு கட்டி இறக்கியதைப் பார்த்தேன். அன்று காலை என்னிடம் சுண்ணாம்பு கேட்டு வாங்கியவர் அவர். இறக்கிப் படுக்க வைத்தபோது சட்டைப் பையில் வெற்றிலை மடித்தபடியே இருந்தது. அன்றைக்கு வயிற்றுக்குள் நுழைந்த பயம், ரிட்டயர்டு ஆன நாள் வரைக்கும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு நாளும் போஸ்டைத் தொடும்போது முழங்கால் இரண்டும் தனியாக நடுங்கும். பேன்ட் போட்டிருப்பதால் வெளியே தெரியாது.

அதனால் ஜெபம் செய்வேன். போஸ்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, கூட ஏறி வாரும்" என்பேன். வேலை முடிந்து கால் தரையில் பட்டதும் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்வேன். எங்கள் சபையில் ஸ்தோத்திரம் என்பது எல்லாவற்றுக்கும் ஆகிற வார்த்தை. ஒருவரை ஒருவர் பார்த்தால் ஸ்தோத்திரம். விடைபெறும்போதும் அதுதான். நல்லது நடந்தால் அதுதான், கெட்டது நடக்காமல் போனாலும் அதுதான்.

என்னோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்த பெருமாள் இதை வைத்தே என்னைக் கலாய்ப்பான். அவனும் போஸ்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவான். "ஏறுறப்ப எங்க கருப்பசாமி, இறங்குறப்ப ஒங்க ஆண்டவரு. ரெண்டு பேருக்கும் ஷிப்டு போட்டாச்சு மாப்ள" என்பான்.

வேலை தெரியாதவர்களுக்கு இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரிய லைனில் கை வைக்கும் முன் சப்ஸ்டேஷனில் இருக்கும் ஆபரேட்டருக்குப் போன் செய்து, அந்த லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவர் நிறுத்திவிட்டு ஒரு எண் தருவார். அதுதான் லைன் கிளியர். வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, அதே எண்ணை அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். எண் திரும்பி வராமல் அவர் கரண்ட் போடக் கூடாது. இது ஒன்று. இன்னொன்று எர்த் ராடு. கம்பியில் கொக்கி மாட்டி, அதன் மறுமுனையைத் தரையில் அடித்த இரும்போடு சேர்த்துவிடுவோம். தப்பித்தவறி கரண்ட் வந்தாலும் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். வேலை நடக்கிற போஸ்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக அதைப் போட வேண்டும்.

அப்போது சப்ஸ்டேஷனில் பெரும்பாலும் முத்துக்கருப்பன்தான் இருப்பார். நல்ல மனிதர். மூக்கில் கண்ணாடி, வலது முட்டியில் வலி, ஓயாத பேச்சு. கால் தரையில் பட்டதும் நான் ஸ்தோத்திரம் சொல்வதைப் போன் வழியே பல வருடமாகக் கேட்டுக் கேட்டு, அவருக்கு அந்த வார்த்தைக்கே அர்த்தம் மாறிவிட்டது. வேலை முடிகிற நேரம் பார்த்து அவரே போன் செய்து, "என்னண்ணே, ஸ்தோத்திரமா?" என்று கேட்பார். "ஸ்தோத்திரம்தான்" என்பேன். லைனைப் போட்டுவிடுவார். எண்ணை அப்புறமாக அவரே ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். ஒரு இந்து மனிதர் வாயில் தினமும் இரண்டு தடவை ஸ்தோத்திரம் வருகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்த நேரத்தில்தான் உதவிப் பொறியாளராகப் புதிதாக ஏ.இ. மேடம் வந்தார். மதுரை கோச்சடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். வயது என் மூத்த மகளைவிட இரண்டோ மூன்றோ கூட இருக்கும். சத்தம் போடவே மாட்டார். ஒருவர் தப்புச் செய்தால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நாமாகச் சொல்லும் வரைக்கும் அந்தப் பேனா திறக்காது. பழைய அதிகாரிகள் காது கிழியத் திட்டுவார்கள். அதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். இந்த அம்மாவின் மௌனத்துக்கு முன்னால் எனக்கு வேர்த்துவிடும்.

வேலை நடக்கும் இடத்துக்கு அவரே வருவார். வந்ததும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், மண்ணைப் பார்ப்பார். இந்தப் பக்கம் எர்த், அந்தப் பக்கம் எர்த். இரண்டையும் காலால் தட்டி ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வணக்கம் சொல்வார். ஒரு நாள் நான் ரிட்டர்ன் செய்யும்போது பக்கத்தில் நின்றார். நான் வழக்கம்போல "ஸ்தோத்திரம் முத்து" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"ஆசீர்வாதம், நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"ரிட்டர்ன் பண்ணுனேன் மேடம்."

"நம்பர் எங்க? எத்தன பேர் ஏறுனாங்க, எத்தன பேர் இறங்குனாங்கனு எங்க? எர்த் எடுத்தாச்சுனு எங்க?"

"அது ஒரு ஜெப வார்த்தை மேடம். முத்துக்கருப்பனுக்குத் தெரியும்."

"ஜெபம் பண்ணுங்க. அது உங்களுக்கும் சாமிக்கும். போன்ல நம்பர் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய் என் மனைவி எஸ்தரிடம் பொருமினேன். "விசுவாசத்துக்குச் சோதனை வந்துருச்சு. என் வாயிலருந்து ஸ்தோத்திரத்தப் பிடுங்கப் பாக்குறாங்க."

எஸ்தர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவுக நம்பரத்தான கேட்டாக?" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் இருக்கும்போது எண் சொன்னேன். இல்லாதபோது பழையபடி ஸ்தோத்திரம்தான். அப்படிச் சொல்வதை ஆண்டவருக்காகப் பாடுபடுவதாக வேறு எண்ணிக்கொண்டேன். பக்திக்குள் வீம்பு ஒளிந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதே மாதம் டி. கல்லுப்பட்டியில் எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், பயம் இருக்கிற நெஞ்சில் விசுவாசம் இல்லை என்று மேசையைத் தட்டிச் சொன்னார். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை வருடம் சபைக்குப் போய் வந்தும் போஸ்டுக்குக் கீழே நடுங்குகிற நான் யார்? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னைவிட்டு எடுத்துப் போடும்" என்று ஒரே விண்ணப்பம்தான்.

அவர் எடுக்கவே இல்லை.

நான் சொல்ல வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. பேரையூர் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்குள் ஒரு போஸ்டில் கம்பியைத் தாங்கும் பீங்கான் வெடித்திருந்தது. பெருமாள் ஏற வேண்டும், நான் கீழே நின்று பார்க்க வேண்டும். அப்போது நான் லைன் இன்ஸ்பெக்டர். லைன் கிளியர் என் பெயரில்தான். பத்தரை மணிக்கு முத்துக்கருப்பனிடம் எண் வாங்கிக் கைநோட்டில் எழுதினேன். அந்தப் போஸ்டுக்கும் சப்ஸ்டேஷனுக்கும் நடுவில் வேறு சுவிட்ச் எதுவும் கிடையாது. அவர் அங்கே போட்டால் இங்கே வரும்.

ரோட்டை ஒட்டிய பக்கம் ஒரு எர்த் ராடு போட்டோம். சப்ஸ்டேஷன் திசையில் இருந்த அடுத்த போஸ்ட் உழுது போட்ட காட்டுக்கு நடுவில் நின்றது. ஈரக் கரிசலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு அடி வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல் அளவு மண் ஏறிவிடும்.

"ஒண்ணு போதும் மாப்ள. லைன் கிளியர் இருக்குல்ல" என்றான் பெருமாள். இடுப்பில் பெல்ட்டைக் கட்டத் தொடங்கிவிட்டான்.

நானும் போதும் என்றுதான் நினைத்தேன். மேடம் அன்று மதுரையில் மீட்டிங்கில் இருந்தார். போஸ்டில் கையை வைத்து ஜெபம் செய்தேன். அன்று கூடுதலாக, "இன்றைக்காவது பயமில்லாமல் நிற்கச் செய்யும்" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தேன். முழங்கால் நடுங்கியது. ஆமென் சொல்லி முடித்த வாய் காய்ந்துபோயிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை உபவாசமும் வீண் என்று தோன்றியது. என் விசுவாசம் இவ்வளவுதான் என்று வெட்கப்பட்டுக்கொண்டே பெருமாளைப் பார்த்து, "ஏறாத, இரு" என்றேன். ராடைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன்.

"அடப் பாவி, இம்புட்டு பயமா?" என்று அவன் பின்னாலிருந்து சிரித்தது கேட்டது. ஒரு செருப்பு மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. வெறுங்காலோடு போய்க் கொக்கியை மாட்டி, இரும்பைத் தரையில் இறக்கி, மேடம் தட்டுகிற மாதிரி காலால் தட்டிப் பார்த்தேன். ஆடியது. இன்னும் ஒரு அடி இறக்கினேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகுதான் பெருமாள் ஏறினான்.

மேலே போய்ப் பார்த்தால் பீங்கான் மட்டுமில்லை, அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டமும் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்டா" என்று கத்தினான். சரி, முத்துக்கருப்பனிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்து அழுத்தினேன். அங்கே டவர் வருவதும் போவதுமாக இருந்தது. காதில் வைத்தால் சத்தமே இல்லை. போன் போகிறதா இல்லையா என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரோட்டில் மொபெட் ஒன்று வந்து நின்றது. எங்கள் சபை உபதேசியார். போதகர் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர், கபடமில்லாத மனிதர். வண்டியை அணைக்காமலே கையைத் தூக்கி, "ஸ்தோத்திரம்ணே!" என்றார்.

"ஸ்தோத்திரம் ஐயா!" என்றேன் நானும், சத்தமாக.

கையிலிருந்த போனில் ஒரு குரல் கேட்டது. "சரிண்ணே." அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. நான் முத்துக்கருப்பனிடம் எதுவுமே பேசவில்லையே, எதற்குச் சரி என்கிறார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உபதேசியாருக்குச் சொன்ன ஸ்தோத்திரம் முத்துக்கருப்பன் காதிலும் விழுந்திருக்கிறது என்பது பிடிபட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெடப்போவது நான் இல்லை, மேலே இருக்கிறவன்.

திரும்ப அழுத்தினேன். போகவில்லை. மறுபடி அழுத்தினேன். போகவில்லை. உபதேசியாரிடம் கத்திக் கேட்டேன், அவர் போனிலும் டவர் இல்லை.

சப்ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பது எனக்கு அடி அடியாகத் தெரியும். போன் மேசையிலிருந்து அவர் எழுந்திருக்க வேண்டும். யார்டுக்கு நடந்து, அங்கே போட்டிருக்கும் எர்த்தை எடுக்க வேண்டும். ஐசொலேட்டர் என்கிற திறந்து வைத்த சுவிட்சைச் சேர்க்க வேண்டும். திரும்ப உள்ளே வந்து கரண்ட் விடுகிற பிரேக்கரைப் போட வேண்டும். நாலு நிமிடம். முட்டி வலித்தால் ஐந்து. ஒரு மனிதனுடைய முட்டி இன்னும் கொஞ்சம் வலிக்க வேண்டும் என்று நான் வாழ்க்கையில் ஜெபித்தது அன்றைக்குத்தான்.

"பெருமாளு! இறங்கு!"

மொபெட் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றான்.

"ஐயா, வண்டிய நிப்பாட்டுங்க! பெருமாளு, கைய எடு! லைன் வருதுடா!"

"லைன் கிளியர் இருக்குல்ல?"

"இல்லடா! இறங்கு!"

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. பெல்ட்டின் கொக்கியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனான். மழையில் நனைந்த தோல் பெல்ட், இறுகிக் கிடந்தது. இழுத்தான். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். கீழே நின்று என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போஸ்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்று கத்தினேன்.

கொக்கி கழன்றது. அவன் ஒரு காலைக் கீழே இறக்கினான். இடது கை இன்னும் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தது.

காட்டுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் வந்தது. நான் கொண்டுபோய்ப் போட்ட ராடு இருந்த இடத்தில் நீல வெளிச்சம் அடித்தது. ஈர மண்ணிலிருந்து புகை எழும்பியது. பெருமாள் கையை விட்டுவிட்டு, போஸ்டோடு சறுக்கிக்கொண்டே வந்து பாதி உயரத்திலிருந்து என் மேல் விழுந்தான்.

இரண்டு பேரும் சேற்றில் கிடந்தோம். அவனைப் புரட்டினேன். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. "பெருமாளு" என்றேன். "மாப்ள" என்றேன். கொஞ்சம் கழித்து இமைத்தான். அவனை இழுத்துக்கொண்டு போஸ்டை விட்டுத் தவழ்ந்து போனேன். லைன் தானாக நின்றுவிட்டால் ஆபரேட்டர்கள் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். முத்துக்கருப்பனும் போட்டுப் பார்த்தார். இரண்டாவது வெடி நாங்கள் ரோட்டு ஓரத்தில் கிடந்தபோது கேட்டது.

பெருமாளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. நெஞ்சுத் தோல் உரிந்திருந்தது. உயிர் இருந்தது.

மறுநாள் மேடம் வந்தார். முதலில் காட்டுக்குள் இறங்கினார். உருகிப்போன கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க ரிட்டர்ன் பண்ணுனதா முத்துக்கருப்பன் எழுதியிருக்கார்."

"நான் ரிட்டர்ன் பண்ணல மேடம்."

"நம்பர் சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"வேற ஏதாச்சும் சொன்னீங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். காத்திருந்தார். எனக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். இன்னும் ஆறு வருட சர்வீஸ் இருந்தது. இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் சொல்லல மேடம். டவர் போயிருச்சு."

முத்துக்கருப்பனும் எதையும் விளக்கவில்லை. எண் கேட்காமல் ஒரு ஜெப வார்த்தையை நம்பி லைனைப் போட்டேன் என்று எந்த ஆபரேட்டர் எழுதுவார்? எழுதினால் அவர் கதை இன்னும் மோசமாகும். அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். நான் தப்பித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். மரணத்தின் வாயிலிருந்து ஆண்டவர் எங்களைக் காத்தார் என்றேன். இரண்டாவது ராடைப் போட வைத்தது அவர்தான் என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உபதேசியார் என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். அவர் முகம் வாடியிருந்தது. நாலு நாளாகச் சாப்பிடவில்லை போல.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லாமப் போயிருந்தா இது நடந்திருக்காதோ? போன் ஒங்க கையில இருந்துச்சு. நான் பாக்காமச் சொல்லிட்டேன். அந்த ஆபரேட்டர் பிள்ளகுட்டிக்காரராமே. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே."

மொபெட்டில் போகிறபோது வணக்கம் சொன்ன மனிதர் என் பாவத்தைச் சுமந்துகொண்டு பட்டினி கிடக்கிறார். நான் அல்லேலூயா வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் கரண்ட் பயம் இல்லை. அது வேறு. போஸ்டுக்கு மேலே இருந்து ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்கிற பயம்.

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ஆறு வருசம் போனாப் போகட்டும். அந்த முத்துக்கருப்பன் வீட்டுல அடுப்பு எரியணும்ல" என்றாள்.

திங்கட்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன். பல வருடமாக எண்ணுக்குப் பதில் ஸ்தோத்திரம் சொல்லிப் பழக்கியது நான்தான், அவர் இல்லை என்றேன். உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

எழுதினேன். முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முழுதும் படித்தார்.

"அந்தச் சேத்துக்குள்ள போயி ரெண்டாவது எர்த் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"பெருமாள் வேணாம்னு சொன்னாராமே. நானும் அன்னைக்கு இல்ல. அப்புறம் ஏன் போட்டீங்க?"

"பயமா இருந்துச்சு மேடம்" என்றேன். "ஜெபம் பண்ணியும் போகல."

தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

"அதையும் எழுதுங்க."

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக எதை எடுத்துப் போடச் சொல்லிக் கெஞ்சினேனோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் பெருமாள் உயிரோடு இறங்கினான். ஆண்டவர் என் விண்ணப்பத்தைக் கேட்டிருந்தால் நான் தைரியமாக நின்றிருப்பேன். அவன் செத்திருப்பான். எனக்கு ஜெபத்தில் பதிலே வராது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பதில் என் முழங்காலில் இருந்திருக்கிறது. "பயமாக இருந்ததால் இரண்டாவது எர்த் போட்டேன்" என்று கடைசி வரியாக எழுதிக் கொடுத்தேன்.

முத்துக்கருப்பனைத் திரும்ப வேலையில் சேர்த்தார்கள். எண் கேட்காமல் போட்டதற்கு அவருக்கும் ஒரு தண்டனை உண்டு. எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு கடைசி வரை கிடைக்கவில்லை. பெருமாள் மணிக்கட்டு கூடி வந்ததும் மறுபடி போஸ்ட் ஏறினான். அவனிடமும் சொன்னேன். நாலு கெட்ட வார்த்தை திட்டினான். கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு பேசினான். ஆனால் ராடு இரண்டையும் போட்டாயா என்று கேட்காமல் அவன் அதன் பிறகு ஏறியதே இல்லை.

முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள். அவர் மட்டும், "வேலையப் பாப்போம்ணே" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு வருடம் அவர் என்னிடம் பேசியது எல்லாம் எண்தான். ஓயாமல் பேசுகிற மனிதர். "நம்பர் சொல்லுங்க. எத்தன பேர். எர்த் எத்தன." நானும் சொல்வேன். ஸ்தோத்திரத்தைப் போனை அணைத்துப் பைக்குள் வைத்த பிறகு, வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

ரிட்டயர்டு ஆகிற அன்றும் ஒரு வேலை இருந்தது. டி. கல்லுப்பட்டிக்கு வெளியே ஒரு சாதாரணக் கம்பி மாற்றுகிற வேலை. மதியத்துக்குள் முடிந்தது. போன் செய்தேன். எண்ணைச் சொன்னேன். ஏறினவர் இரண்டு, இறங்கினவர் இரண்டு. எர்த் இரண்டு போட்டது, இரண்டும் எடுத்தாச்சு. அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"போடட்டுமாண்ணே?"

"போடுங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. தொண்டையைச் செருமினார்.

"ஸ்தோத்திரம்ணே" என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திப் போஸ்டைப் பார்த்தேன். உச்சி முதல் அடி வரை பார்த்தேன். திரும்பிப் பின்னால் ஆட்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு. மேலே யாரும் இல்லை.

அதன் பிறகுதான் சொன்னேன்.